ரேமண்ட் சாண்ட்லரைப் படிப்பது எப்படி

மர்ம நாவலைக் கையில் எடுத்ததும் கொலையாளி யார் என்று தேடத் தொடங்குவது நம்மில் பலருக்கும் ஊறிப்போன பழக்கம். அமெரிக்க எழுத்தாளர் ரேமண்ட் சாண்ட்லரிடம் அந்தப் பழக்கத்தோடு மட்டும் போனால் வெறுங்கையோடு திரும்ப நேரிடும். அவர் எழுதி முடித்த நாவல்கள் ஏழுதான். ஏழிலும் பிலிப் மார்லோ என்ற தனியார் துப்பறிவாளரே கதை சொல்கிறார். அவற்றில் பலவற்றில் கதைப்பின்னல் ஏதோ ஓர் இடத்தில் முடிச்சுப் போட்டுக்கொண்டு, யார் யாரை எதற்காகக் கொன்றார்கள் என்பது வாசகரின் பிடியிலிருந்து நழுவிவிடும். ஆனாலும் 1939-இல் வந்த முதல் நாவலை, முடிவு தெரிந்த பிறகும் இன்றுவரை மக்கள் திரும்பத் திரும்பப் படிக்கிறார்கள். அப்படிப் படிக்க வைப்பது எது என்று தேடுவதே சாண்ட்லருக்குள் நுழையும் வழி. அந்த வழியில் பல ஆண்டுகள் நடந்த அனுபவத்தில் எனக்குப் பயன்பட்டவற்றை இங்கே எழுதுகிறேன்.

தொடங்கும் முன் தெரிந்திருக்க வேண்டியது

சாண்ட்லர் 1888 ஜூலை 23 அன்று சிகாகோவில் பிறந்தார். ரயில்வேப் பொறியாளரான தந்தை குடிக்கு அடிமையாகிக் குடும்பத்தைக் கைவிட்டார். அயர்லாந்தைச் சேர்ந்த தாய் சிறுவனை அழைத்துக்கொண்டு லண்டனில் இருந்த உறவினர் வீட்டுக்குப் போனார். அங்கே டல்விச் கல்லூரி என்ற பள்ளியில் லத்தீனும் கிரேக்கமும் படித்து வளர்ந்த சாண்ட்லர், 1907-இல் பிரிட்டிஷ் குடியுரிமை பெற்று, தேர்வு எழுதிக் கடற்படை அமைச்சகத்தில் வேலைக்குச் சேர்ந்தார். அந்த வேலை பிடிக்காமல் விரைவிலேயே விட்டுவிட்டார். 1912-இல் அமெரிக்கா திரும்பியவர், டென்னிஸ் மட்டைகளுக்கு நரம்பு கட்டுவது, பழம் பறிப்பது என்று கிடைத்த வேலைகளைச் செய்தார்.

இதை ஏன் முதலிலேயே சொல்கிறேன் என்றால், அமெரிக்கத் தெருப்பேச்சின் உச்சம் என்று கொண்டாடப்படும் அந்த நடையை எழுதியவர் ஆங்கிலேயப் பள்ளியில் வளர்ந்தவர். அமெரிக்க வழக்கைத் தாம் ஓர் அயல்மொழியைப் போலக் கற்க வேண்டியிருந்தது என்று அவரே கடிதங்களில் எழுதியிருக்கிறார். பிறந்தது முதல் காதில் விழுந்துகொண்டே இருக்கும் பேச்சை நாம் கவனிப்பதில்லை. வெளியிலிருந்து வந்து கற்பவருக்கோ ஒவ்வொரு சொல்லின் எடையும் கையில் தெரியும். சாண்ட்லரின் உரையாடல்களில் ரவுடியும் காவலரும் பேசும் வரிகள் அவ்வளவு கூர்மையாக இருப்பதற்கு இதுவே காரணம் என்று நான் நம்புகிறேன். ஆகவே அந்தக் கொச்சைச் சொற்கள் புரியவில்லை என்றால் தயங்க வேண்டாம். அவரும் அவற்றைக் குறிப்பெடுத்துக் கற்றவர்தான்.

மேலும் மூன்று செய்திகள் போதும். 1917-இல் அவர் கனடா இராணுவத்தில் சேர்ந்து பிரான்ஸின் பதுங்குகுழிகளில் போரிட்டார். அதைப் பற்றிப் பின்னாளில் மிகக் குறைவாகவே எழுதினார். தம்மைவிடப் பதினெட்டு வயது மூத்தவரான சிஸ்ஸியை, தாய் மறைந்த பிறகு, 1924-இல் மணந்தார். லாஸ் ஏஞ்சல்ஸில் ஓர் எண்ணெய் நிறுவனத்தில் கணக்கராகச் சேர்ந்து துணைத் தலைவர் பதவிவரை உயர்ந்தவர், குடியாலும் அலுவலகத்துக்கு ஒழுங்காக வராததாலும் 1932-இல் வேலையை இழந்தார். பொருளாதாரப் பெருமந்தம் நடந்துகொண்டிருந்த அந்த ஆண்டில் அவருக்கு வயது நாற்பத்து நான்கு. கையில் வேலை இல்லை; எழுத்தாளராக அறியப்பட்டவரும் இல்லை.

அவர் கற்ற முறையிலேயே அவரைப் படியுங்கள்

மலிவுத் தாளில் அச்சாகிப் பத்து, இருபது சென்ட் விலையில் விற்ற ‘பல்ப்’ பத்திரிகைகளைப் படித்த சாண்ட்லர், இதை எழுதக் கற்றுக்கொண்டே சம்பாதிக்கலாம் என்று முடிவு செய்தார். அவர் கற்ற முறை நமக்கு முக்கியமானது. பெரி மேசன் கதைகளால் புகழ்பெற்ற எர்ல் ஸ்டான்லி கார்ட்னரின் ஒரு குறுநாவலை எடுத்து, அதன் சுருக்கத்தை விரிவாக எழுதிக்கொண்டு, அந்தச் சுருக்கத்திலிருந்து கதையைத் தம் சொந்தச் சொற்களில் திரும்ப எழுதினார். பிறகு மூலத்தோடு ஒப்பிட்டுத் தாம் எங்கே சறுக்கினோம் என்று பார்த்தார். இதைப் பின்னாளில் கார்ட்னருக்கே கடிதத்தில் ஒப்புக்கொண்டார். இப்படிப் பழகி, ஐந்து மாதம் உழைத்து எழுதிய முதல் கதை, ‘பிளாக் மாஸ்க்’ இதழில் 1933 டிசம்பரில் வந்தது. சொல்லுக்கு ஒரு சென்ட் கணக்கில் அதற்குக் கிடைத்தது 180 டாலர்.

சாண்ட்லரைப் படிக்கவும் இந்த ஒப்பிடும் முறையைவிடச் சிறந்தது எனக்குத் தெரியாது, அதற்கான பொருளை அவரே விட்டுச் சென்றிருக்கிறார். முதல் நாவலான ‘தி பிக் ஸ்லீப்’ வெறும் தாளிலிருந்து தொடங்கியது அன்று. 1935-இல் வந்த ‘கில்லர் இன் தி ரெயின்’, 1936-இல் வந்த ‘தி கர்ட்டன்’ ஆகிய இரண்டு பழைய கதைகளைப் பிரித்து, ஒன்றோடொன்று தைத்து, மூன்றே மாதத்தில் நாவலாக்கினார். இப்படி நாவல்களுக்குள் கரைக்கப்பட்ட கதைகளைத் தம் வாழ்நாளில் எந்தத் தொகுப்பிலும் சேர்க்க அவர் விரும்பவில்லை. அவ்வாறான எட்டுக் கதைகள் அவர் மறைந்த பிறகு, 1964-இல்தான் ஒரே நூலாக வெளிவந்தன.

இப்போது செய்ய வேண்டியது இது. ‘தி பிக் ஸ்லீப்’பின் இரண்டாம் அத்தியாயத்தை மட்டும் நிதானமாகப் படியுங்கள். சாவை நெருங்கிக்கொண்டிருக்கும் பணக்கார ஜெனரல் ஸ்டெர்ன்வுட், ஆர்க்கிட் செடிகள் வளரும் பசுமைக்குடிலில், கொதிக்கும் வெக்கையில் சக்கர நாற்காலியில் போர்த்திக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். மார்லோவைக் கோட்டைக் கழற்றச் சொல்லி, பிராந்தி கொடுத்து, அவர் குடிப்பதைப் பார்த்துத் தாம் இன்பம் காண்கிறார், ஏனென்றால் அவரால் இனிக் குடிக்க முடியாது. படித்து முடித்ததும் ‘தி கர்ட்டன்’ கதையில் இதே காட்சியைத் தேடி எடுங்கள். அங்கும் கிழட்டு ஜெனரல் உண்டு, கண்ணாடிக்கூடம் உண்டு, செடிகளின் வாடையைக் கொதிக்கும் சாராயத்தின் நெடிக்கு ஒப்பிடும் உவமைகூட உண்டு. ஆனால் மூன்றாண்டு கழித்து நாவலில் எழுதும்போது அந்த நெடியை ஒரு போர்வைக்கு அடியில் கொதிக்க வைக்கிறார் சாண்ட்லர். வெளிச்சம், மீன்தொட்டி நீர் வழியாக வடிந்து வருவது போலப் பச்சையாகிறது. செடிகளின் தண்டுகள், இப்போதுதான் கழுவிய பிணத்தின் விரல்களாகின்றன. துப்பறியும் வேலைக்கு இந்தச் சேர்ப்புகளில் ஒன்றுகூடத் தேவையில்லை. அந்தத் தண்டுகளில் எந்தத் துப்பும் ஒளிந்திருக்கவில்லை. ஆனால் ஜெனரல் வாய் திறப்பதற்கு முன்பே அந்த வீட்டில் ஏதோ அழுகிக்கொண்டிருக்கிறது என்பது நமக்குத் தெரிந்துவிடுகிறது. இந்த ஒரு பக்கத்தை ஒப்பிட்டுப் பார்த்தவர் சாண்ட்லரின் பாதியைப் படித்துவிட்டார் என்பேன்.

அவர் இதைத் தெரிந்தே செய்தார் என்பதற்கு 1948-இல் எழுதிய ஒரு கடிதம் சாட்சி. வாசகர்களுக்கு நடவடிக்கை மட்டுமே வேண்டும் என்று பத்திரிகை ஆசிரியர்கள் தம் வருணனைகளை வெட்டியதைச் சொல்லும் அவர், வாசகர் தம்மையறியாமல் விரும்புவது வேறு என்கிறார். அதற்கு அவர் காட்டும் உதாரணம்: கொல்லப்படும் மனிதர் ஒருவர், அந்தக் கணத்தில் மேசையின் வழவழப்பான பரப்பிலிருந்து ஒரு ஜெம் கிளிப்பை எடுக்க முயன்றுகொண்டிருக்கிறார், அது விரலுக்கு அகப்படாமல் நழுவிக்கொண்டே போகிறது, மரணம் கதவைத் தட்டுவதுகூட அவர் காதில் விழவில்லை. அந்தக் கொலை நம் நினைவில் நிற்கிறதென்றால் அந்தக் கிளிப்பால்தான். ஒவ்வொரு அத்தியாயத்தையும் முடித்தவுடன், ‘இதில் கிளிப் எது?’ என்று கேட்டுக்கொள்ளுங்கள். அவர் மஞ்சள் தாள்களைப் பாதியாக்கி, ஒவ்வொரு அரைத்தாளிலும் சில வரிகளே தட்டச்சு செய்வார். அந்தச் சில வரிகளுக்குள் சிறிதாவது உயிர்ப்பு இருக்க வேண்டும் என்பது அவருடைய கட்டாயம். ஆகவே நீங்கள் தேடினால் ஏறக்குறைய பக்கத்துக்கு ஒன்று அகப்படும்.

ஓர் எச்சரிக்கையும் உண்டு. சாண்ட்லரின் உவமைகளை மட்டும் பொறுக்கி மேற்கோள் தொகுப்பாகப் படிப்பது அவரைக் கெடுத்துவிடும். உவமைக்கு முன்னும் பின்னும் அவர் வைக்கும் சாதாரணமான, தட்டையான வாக்கியங்கள்தான் அதைத் தூக்கி நிறுத்துகின்றன.

கதைப்பின்னலை என்ன செய்வது

ஒரு குறிப்பேட்டைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு பெயர்களை எழுதி வாருங்கள். ‘தி பிக் ஸ்லீப்’பில் ஏறத்தாழ நடுப்பகுதியில் ஒரு வழக்கு முடிந்துபோய், கிட்டத்தட்ட வேறொரு வழக்கு தொடங்குவதைக் காண்பீர்கள். இரண்டு கதைகளைத் தைத்த தையல் அங்கேதான் ஓடுகிறது. மிரட்டிப் பணம் பறிக்கும் புத்தகக் கடைக்காரரின் கதை ஒன்றிலிருந்து வந்தது; காணாமல் போன மருமகனின் கதை மற்றொன்றிலிருந்து வந்தது. இது தெரிந்துவிட்டால் குழப்பத்தில் பெரும்பகுதி தானே விலகிவிடும்.

தெளியாத மிச்சமும் இருக்கும். நாவலில் ஒரு கார் ஓட்டுநர் கடலில் காரோடு இறந்து கிடக்கிறார். ஹோவர்ட் ஹாக்ஸ் இயக்கிய 1946-ஆம் ஆண்டுத் திரைப்படத்தின்போது, அந்த ஓட்டுநரைக் கொன்றது யார் என்று கேட்டு எழுத்தாளருக்குத் தந்தி அனுப்பினார்கள். தமக்கும் தெரியவில்லை என்பதே அவருடைய பதில். இதை அவரே கடிதத்தில் சொல்லியிருப்பதால் நீங்களும் அந்த முடிச்சில் நேரத்தைச் செலவிட வேண்டியதில்லை.

எந்த வரிசையில்

கையில் கிடைத்த நாவலிலிருந்து தொடங்கலாம் என்று நினைக்காதீர்கள். நான் அப்படித்தான் தொடங்கினேன்; கிடைத்தது 1958-இல் வந்த கடைசி நாவலான ‘பிளேபேக்’. களைத்துப்போன அந்தப் புத்தகத்தைப் பாதியில் மூடிவிட்டு, சாண்ட்லர் எனக்கானவர் அல்லர் என்று இரண்டு ஆண்டுகள் ஒதுங்கியிருந்தேன். அந்த இழப்பு உங்களுக்கு வேண்டாம்.

‘தி பிக் ஸ்லீப்’புக்கு அடுத்து 1940-இல் வந்த ‘ஃபேர்வெல், மை லவ்லி’யைப் படியுங்கள். எட்டாண்டுச் சிறைவாசம் முடிந்து வந்த மூஸ் மல்லாய் என்ற மலைபோன்ற மனிதர், பழைய காதலி வெல்மாவைத் தேடி ஒரு மதுக்கூடத்துக்குள் நுழைவதில் கதை தொடங்குகிறது. பெரும்பாலான வாசகர்களுக்கு நெருடும் பகுதியும் இதுவே. கறுப்பின மக்களைக் குறிக்கும் இழிசொற்களை மார்லோ கூசாமல் பயன்படுத்துகிறார். அதே அத்தியாயங்களில், அந்த மதுக்கூடத்தில் கொல்லப்பட்டவர் கறுப்பினத்தவர் என்பதாலேயே அந்தக் கொலையைக் காவல்துறையும் செய்தித்தாள்களும் ஒரு பொருட்டாகக்கூட மதிக்கவில்லை என்பதும் பதிவாகிறது. இரண்டையும் ஒருசேரப் பார்க்க வேண்டும். காலத்தின் மேல் பழியைப் போட்டு முதலாவதை மறைப்பதும் சரியன்று, முதலாவதைக் காரணம் காட்டி இரண்டாவதைக் காணாமல் விடுவதும் சரியன்று. ஓரினச்சேர்க்கையாளர்களையும் பெண்களையும் அவர் சித்திரிக்கும் முறையிலும் இதே கோளாறு உண்டு. அழகான பெண் என்றால் ஆபத்து என்ற கணக்கு அவரிடம் அளவுக்கு மீறி வருகிறது.

இந்த நாவலைப் படிக்கும்போது லாஸ் ஏஞ்சல்ஸ் வரைபடம் ஒன்றைத் திறந்து வைத்துக்கொள்வது நல்லது. மார்லோவின் அலுவலகம் ஹாலிவுட் புல்வார்டில் இருக்கிறது. ஊழல் காவலர்கள் ஆளும் ‘பே சிட்டி’ என்பது பக்கத்துக் கடற்கரை நகரான சாண்டா மோனிகாவுக்கு சாண்ட்லர் வைத்த மாற்றுப்பெயர். கரையிலிருந்து மூன்று மைல் எல்லைக்கு அப்பால் நிற்கும் சூதாட்டக் கப்பலும் கற்பனை அன்று. 1930-களின் இறுதியில் சாண்டா மோனிகா கடற்பரப்பில் அப்படிப்பட்ட கப்பல்கள் உண்மையிலேயே நின்றன, கரையிலிருந்து படகில் ஆட்களை ஏற்றிக்கொண்டு போயின.

1943-இன் ‘தி லேடி இன் தி லேக்’ கதைப்பின்னலில் மற்றவற்றைவிடச் சீரானது. துப்புத்துலக்கும் கதையை விரும்புகிறவருக்கு இது அதிகம் பிடிக்கும். ஒரு கட்டடத்தின் முன்னால் நடைபாதையில் பதித்த ரப்பர்க் கட்டிகளைப் போருக்காகப் பெயர்த்தெடுத்துக்கொண்டிருப்பதில் அது தொடங்குகிறது. போர் என்று உரக்கச் சொல்லாமலே காலத்தைக் காட்டும் அந்த முதல் பத்தியைக் கவனியுங்கள். பழைய கதைகளை எடுத்துத் தைக்காமல் எழுதிய 1942-இன் ‘தி ஹை விண்டோ’வைப் பிறகு படித்துக்கொள்ளலாம். ஹாலிவுட்டில் பட்ட கசப்பெல்லாம் 1949-இன் ‘தி லிட்டில் சிஸ்டர்’ நாவலில் இறங்கியிருக்கிறது. அதற்கு முன், இயக்குநர் பில்லி வைல்டரோடு சேர்ந்து அவர் திரைக்கதை எழுதிய ‘டபிள் இன்டெம்னிட்டி’ என்ற 1944-ஆம் ஆண்டுப் படத்தைப் பார்த்துவிடுங்கள். அலுவலக அறைக்கு வெளியே நாற்காலியில் உட்கார்ந்து படித்துக்கொண்டிருக்கும் ஒருவர் ஒரு கணம் தலையை நிமிர்த்துவார், அவர்தான் சாண்ட்லர்.

‘அட்லாண்டிக் மன்த்லி’யின் 1944 டிசம்பர் இதழில் வந்த ‘தி சிம்பிள் ஆர்ட் ஆஃப் மர்டர்’ என்ற அவருடைய புகழ்பெற்ற கட்டுரையை, குறைந்தது இரண்டு நாவல்களை முடித்த பிறகே தொடுங்கள். ஆங்கிலேயப் பாணி மாளிகைக் கொலைக் கதைகளை அதில் அவர் ஈவிரக்கமின்றி அலசி, கொலையை உண்மையான காரணங்களோடு கொலை செய்கிறவர்களிடம் திருப்பிக் கொடுத்தவர் என்று தம் முன்னோடி டாஷியல் ஹாமெட்டைப் போற்றுகிறார். கட்டுரையின் இறுதியில் வரும் இலட்சியத் துப்பறிவாளரின் சித்திரம் மிக உயர்வானது. அதை முதலில் படித்துவிட்டால் மார்லோவை ஒரு வீரத்திருமகனாகவே பார்க்கத் தோன்றும். நாவல்களுக்குள் இருக்கும் மார்லோ களைத்தவர், தனிமையானவர், நாளுக்கு 25 டாலரும் செலவுத்தொகையும் வாங்கிக்கொண்டு அடிவாங்குகிறவர்.

‘தி லாங் குட்பை’க்கு நேரம் ஒதுக்குங்கள்

பிரிட்டனில் 1953-இலும் அமெரிக்காவில் 1954-இலும் வெளிவந்த இந்த நாவலை ஆறாவதாகவே படிக்க வேண்டும் என்று உறுதியாகச் சொல்வேன், ஏனென்றால் இதற்கு முந்தைய மார்லோவைத் தெரிந்தவருக்குத்தான் இதில் அவர் எவ்வளவு மாறியிருக்கிறார் என்பது உறைக்கும். ஒரு மதுவிடுதியின் வாசலில், ரோல்ஸ் ராய்ஸ் காரில், குடிபோதையில் டெர்ரி லெனாக்ஸ் என்ற மனிதரை மார்லோ முதன்முதலாகப் பார்க்கிறார். இளம் முகம், நரைத்த தலை, போரில் சிதைந்து தைக்கப்பட்ட கன்னம். யாரும் கூலி கொடுக்காத நிலையில், வெறும் நட்புக்காக, மார்லோ அந்த மனிதருக்காகக் காவலர்களிடம் அடி வாங்குகிறார். கைப்பிரதியைப் படித்த இலக்கிய முகவர்கள் மார்லோ மென்மையாகிவிட்டார் என்று குறை சொன்னார்கள். சாண்ட்லர் நாவலைத் திருத்தினார், ஆனால் அந்த முகவர்களை விட்டு விலகினார்.

இங்கேதான் வாழ்க்கைச் செய்திகளைத் திரும்ப எடுக்க வேண்டும். பதுங்குகுழியிலிருந்து உயிரோடு மீண்டு, ஆங்கிலேய நயத்தோடு பழகும் லெனாக்ஸ். குடியில் மூழ்கித் தன் எழுத்தையே வெறுக்கும் நாவலாசிரியர் ரோஜர் வேட். யாருமில்லாத வீட்டில் தனியே சதுரங்கம் ஆடும் மார்லோ. ஒரே மனிதர் தம்மை மூன்றாகப் பிரித்து எழுதியிருக்கிறார் என்று விமர்சகர்கள் பலர் சொல்கிறார்கள், எனக்கும் அப்படித்தான் படுகிறது. இதை அவர் எழுதிய ஆண்டுகளில், கலிஃபோர்னியாவில் உள்ள லா ஹோயாவின் கடற்கரை வீட்டில், சிஸ்ஸி நுரையீரல் நோயால் மெல்ல மெல்ல இறந்துகொண்டிருந்தார். விடைபெறுவதைப் பற்றிய ஒரு புத்தகத்தை, விடைபெறும் மனைவியின் பக்கத்து அறையில் எழுதியிருக்கிறார் என்ற நினைவோடு கடைசி அத்தியாயங்களைப் படியுங்கள். ஒரே இரவில் முடிக்க முயல வேண்டாம். ஒரு வாரம் எடுத்துக்கொள்ளுங்கள்.

சிஸ்ஸி 1954 டிசம்பர் 12 அன்று மறைந்தார். அடுத்த மாதம், தம் லண்டன் பதிப்பாளர் ஹாமிஷ் ஹாமில்டனுக்கு சாண்ட்லர் எழுதிய கடிதத்தை, நாவலை முடித்த மறுநாள் படியுங்கள். ஃபிராங்க் மக்ஷேன் தொகுத்து 1981-இல் வந்த கடிதத் தொகுப்பில் அது இருக்கிறது. மார்லோ ஒருபோதும் பேசாத ஒரு குரல் அதில் கேட்கும். தூங்காத இரவுகளில் சொல்லச் சொல்லப் பதிவு செய்யப்பட்ட அவருடைய நீண்ட கடிதங்கள், பூனை முதல் இலக்கணம் வரை எதைப் பற்றியும் பேசுபவை. நாவல்களுக்கு இணையாக வைத்துப் படிக்கத் தக்கவை.

‘தி லாங் குட்பை’ 1955-இல் அமெரிக்க மர்ம எழுத்தாளர் சங்கத்தின் எட்கர் விருதைப் பெற்றது. அதே ஆண்டு பிப்ரவரியில் சாண்ட்லர் தற்கொலைக்கு முயன்று பிழைத்தார். அதன்பின் லண்டனுக்கும் கலிஃபோர்னியாவுக்கும் இடையே, குடிக்கும் மருத்துவமனைக்கும் இடையே அலைந்த நான்கு ஆண்டுகளில் முடித்தது ‘பிளேபேக்’ ஒன்றுதான்; படமாகாமல் போன ஒரு திரைக்கதையிலிருந்து உருவானது. இந்த விவரங்களோடு கடைசியாகப் படித்தபோது, முன்பு என்னை விரட்டிய அந்தக் களைப்பே என்னை அந்தப் புத்தகத்தில் பிடித்து நிறுத்தியது. 1959 மார்ச் 26 அன்று லா ஹோயாவில் அவர் இறந்தபோது, மார்லோவுக்குத் திருமணமான பிறகு நடக்கும் அடுத்த நாவலில் நான்கு அத்தியாயங்களே இருந்தன. 1989-இல் மர்ம எழுத்தாளர் ராபர்ட் பி. பார்க்கர் அதை முடித்து ‘பூடில் ஸ்பிரிங்ஸ்’ என்று வெளியிட்டார். அந்த நூல் கிடைத்தால் முதல் நான்கு அத்தியாயங்களைப் படியுங்கள். ஐந்தாவதிலிருந்து வேறொருவரின் கை.